தானியங்கித் துரைக்கு ஒரு வரவேற்புப் பத்திரம்

மாட்சிமை தங்கிய தானியங்கித் துரை அவர்களின் சமுகத்துக்கு, பட்டிப்பொலவையும் சுற்றுவட்டத்துத் தோட்டங்களையும் சேர்ந்த லயத்து மக்களாகிய நாங்கள் பயபக்தியோடு வாசித்தளிக்கும் வரவேற்புப் பத்திரம்:

இலங்கையிலேயே மிக உயரமான ரயில் நிலையம் இந்தப் பட்டிப்பொலதான். கடல் மட்டத்திலிருந்து 6200 அடிக்கு மேலே இருக்கிறது. இதைச் சற்றுத் தாண்டியதும் ரயில் ஒஹியப் பக்கம் இறங்கத் தொடங்கிவிடும். அரசாங்கத்துச் சுற்றுநிருபங்கள் மட்டும் இங்கே ஏறி வருவதற்கு முன்பே இறங்கிவிடுகின்றன.

பெரிய மனிதர் யாராவது வந்தால் மாலை போட்டு, கண்ணாடிச் சட்டமிட்ட பத்திரம் ஒன்றை வாசித்து, அதன் கடைசிப் பக்கத்தில் எங்கள் குறைகளைச் சொருகிவிடுவது வழக்கம். கவர்னர் துரை காலத்திலிருந்தே அப்படித்தான். தங்களுக்குக் கழுத்து இல்லை என்று சொன்னதால் மாலையைத் தவிர்த்துவிட்டோம். கை இல்லாததால் எலுமிச்சம்பழமும் தரவில்லை. காதும் இல்லையாம். இருந்தாலும் வாசிக்கிறோம். காது உள்ளவர்களிடம் வாசித்தும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

தங்களைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டது இவ்வளவுதான்: தாங்களே பார்ப்பீர்களாம், தாங்களே யோசிப்பீர்களாம், தாங்களே முடிவும் எடுப்பீர்களாம். தங்களைப் பாதுகாப்பானவராகவும் நம்பத்தக்கவராகவும் ஆக்குவது எப்படி என்று உலகமெங்கும் குளிரூட்டிய மண்டபங்களில் மாநாடு போடுகிறார்கள். தங்களைச் செய்கிறவர்கள் வருகிறார்கள், விற்கிறவர்கள் வருகிறார்கள், கடன் வாங்கியாவது தங்களை வாங்கிப்போடத் துடிக்கிற அரசாங்கங்கள் வருகின்றன. தங்களால் நிறுக்கப்படுகிறவர்கள், வடிகட்டப்படுகிறவர்கள், பட்டியலிலிருந்து வெட்டப்படுகிறவர்கள் யாருக்கும் அழைப்பு வந்ததாகத் தகவல் இல்லை. ஆகவே எங்கள் உரையை இந்த மேடையிலேயே வாசித்துவிடுகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம், துரை அவர்களே. தாங்கள் எங்களுக்குப் புதியவர் அல்ல. முகத்தைப் பார்க்காமல் தலையெழுத்தை எழுதுகிற இயந்திரத்தை நாங்கள் 1948இலேயே பார்த்துவிட்டோம். அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை, பாராளுமன்றம் போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது. உன் அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே? அப்பன் இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே? பிறப்பை ஒழுங்காகப் பதியாத ஒரு நாட்டில், பதிந்திருந்தாலும் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் மட்டும் பெயர் இருந்த ஒரு சனத்திடம் இந்தக் கேள்வியைப் போட்டார்கள். பதில் என்னவாக வரும் என்று தெரிந்துகொண்டே கேட்ட கேள்வி அது. தோட்டத் தொழிலாளர்கள் இலட்சக்கணக்கில் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்த இயந்திரம் ஒரு பிழைகூட விடவில்லை. அதுதான் கொடுமை. எதற்காகச் செய்யப்பட்டதோ அதைக் கச்சிதமாகச் செய்தது.

பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களை வகுத்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000. வகுத்தல் கணக்கில் மீதி வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த மீதிக்கு அம்மா, அப்பா, அடுப்பு, ஆடு எல்லாம் இருக்கும் என்று யாரும் படிப்பிக்கவில்லை. அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள மேலும் 10 வருஷம் எடுத்தது. எங்களைக் கேட்டா வகுத்தார்கள்? கணிதத்துக்கு எண்களின் சம்மதம் தேவையில்லை.

ஆகவே தாங்கள் மனிதத் தலையீடு இல்லாமல் முடிவெடுப்பவர் என்று சிலர் பயமுறுத்தும்போது எங்களுக்கு உடம்பு நடுங்குவதில்லை. எங்கள் விஷயத்தில் மனிதர்கள் தலையிட்டபோதும் மனிதம் தலையிட்டதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்திலும் அதே கதைதான். தராசு எங்களிடம் பொய் சொன்னதில்லை. முள்ளைப் பார்த்து எழுதுகிற பென்சில்தான் பொய் சொன்னது. ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, கங்காணிக்குக் கோபம் வந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். இப்போது அந்தப் பென்சில் கணினிக்குள்ளே போய்விட்டது. முன்பாவது எட்டிப் பார்க்கலாம்.

தங்கள் தாயாதி ஒருவர் 2023 ஜூலையில் அஸ்வெசும என்ற நிவாரணத் திட்டத்தின் பெயரில் இந்த நாட்டுக்கு எழுந்தருளினார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர் வந்த காரணம் நல்ல காரணம். அதற்கு முன்பிருந்த சமுர்த்தியில் கட்சிக்காரனுக்கு முத்திரை, எதிர்க்கட்சிக்காரனுக்கு முழக்கம் என்ற நிலை இருந்தது. அரசியல்வாதியின் கையை வெட்டிவிட்டு, 22 குறிகாட்டிகளை வைத்துக் கணினியே ஏழையைக் கண்டுபிடிக்கும் என்றார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவுகள். உலக வங்கி பக்கத்தில் நின்று தட்டிக்கொடுத்தது. பட்டியல் வெளியானது. வெளியானதும் மேன்முறையீடுகளும் ஆட்சேபங்களும் பத்து லட்சத்தை நெருங்கின. இந்த நாட்டில் இருக்கிற குடும்பங்களே ஏறத்தாழ அறுபது லட்சம்தான், துரை அவர்களே. ஒரு வைத்தியர் ஊருக்கு மருந்து கொடுத்து, அடுத்த வாரமே ஆறில் ஒரு பங்கு வீடுகளிலிருந்து ஆட்கள் வாசலில் வந்து நின்றால் அவருடைய கிளினிக்குக்குச் சீல் வைப்பார்கள். தங்கள் தாயாதிக்கு வைத்தது இரண்டாம் கட்டம்.

எங்கள் லயத்துக்கு வந்தபோது அந்தக் குறிகாட்டிகள் பட்ட பாட்டை நினைத்தால் எங்களுக்கே பரிதாபமாக இருக்கிறது. வீடு சொந்தமா என்றது படிவம். இல்லை, கம்பெனி லயம். வாடகையா? இல்லை. அப்படியானால் என்ன? அதைத்தான் நாங்களும் நூற்றைம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று அடுப்பு எரிந்தால் அது ஒரு குடும்பமா, மூன்று குடும்பமா? மகன் தவணைக்கு எடுத்த மோட்டார் சைக்கிள் யாருடைய சொத்து, லீசிங் கம்பெனியினுடையதா, கிழவியினுடையதா? ஏழை என்று நிரூபிக்க ஆவணம் வேண்டும். ஆவணமெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தால், இவ்வளவு ஒழுங்கானவன் ஏழையாக இருப்பானா என்று அதற்கே சந்தேகம்.

சந்தேகம் வருவது குற்றமல்ல. வந்த பிறகு யாரிடம் போவது என்பதுதான் கேள்வி. கிராம உத்தியோகத்தரிடம் போனால் பிரதேச செயலகம் என்பார். மலையிறங்கி, ஒருநாள் சம்பளத்தை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் பிரதேச செயலகத்துக்குப் போனால், அங்கே இருக்கிற பிள்ளை திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டும்: சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது. அந்தப் பிள்ளைமேல் எங்களுக்குக் கோபமில்லை. அதற்கும் சம்பளம் சிஸ்டத்தில்தான் வருகிறது. ஆனால் 2022இல் காலிமுகத் திடலில் இளைஞர்கள் சிஸ்டத்தை மாற்று, சிஸ்டத்தை மாற்று என்று தொண்டை கிழியக் கத்தினார்களே, அது வீண்போகவில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்ய விரும்புகிறோம். முன்பு எல்லாவற்றுக்கும் மேலிடத்து உத்தரவு என்றார்கள். இப்போது சிஸ்டம் என்கிறார்கள். மாற்றம் என்றால் இதுதான்.

தங்கள் இன்னொரு உறவினர் ரயில் திணைக்களத்தில் டிக்கெட் விற்கிறார். இந்த நிலையத்தைத் தாண்டித்தான் எல்ல ரயில் போகிறது. வெள்ளைக்காரப் பயணிகள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கும் அதே ரயில். இணையத்தில் டிக்கெட் வாங்கலாம், வரிசை இல்லை, இடைத்தரகர் இல்லை என்றார்கள். 2025 ஜனவரியில் விவகாரம் வெடித்தது. எல்ல ரயிலின் டிக்கெட் முழுவதும் 42 விநாடியில் விற்றுத் தீர்ந்துவிட்டதாம். பிறகு அவை கறுப்புச் சந்தையில் பல மடங்கு விலைக்குத் தலைகாட்டின. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரிக்கப் புறப்பட்டது. 42 விநாடியில் எங்கள் ஊர்க் கிழவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பார். இடைத்தரகனை ஒழிக்க வந்த தாங்கள், அவனுக்கு வரிசையில் நிற்கும் சிரமத்தை மட்டும் ஒழித்துக் கொடுத்தீர்கள்.

இனி, குரங்கு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு இந்தத் தீவு முழுவதும் மின்சாரம் போனது. ஒரு ஊரிலோ ஒரு மாகாணத்திலோ அல்ல, நாடு முழுவதும். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டது என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி அறிவித்தார். உலகம் சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. எங்கள் கரட்டையும் கிழங்கையும் பிடுங்கித் தின்கிற குரங்குகளோடு தினமும் பழகுகிறவர்கள் நாங்கள். அவற்றின் திறமையை நன்றாக அறிவோம். ஆனாலும் நுரைச்சோலை மின் நிலையத்தில் 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்களை ஒரே தாவலில் படுக்கவைக்கும் குரங்கு எங்கள் பக்கத்தில் பிறக்கவில்லை.

குரங்கு கையை வைத்தால் அந்த மின்மாற்றி மட்டும் தனியாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் தானியங்கிப் பாதுகாப்புக் கருவிகள். ஒரு இடத்தில் கோளாறு என்றால் அதை அந்த இடத்தோடு அடைத்துவிட வேண்டும். அன்றைக்கு என்ன நடந்தது? வெயில் கொளுத்தும் ஞாயிறு, தேவை குறைவு, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் கொட்டுகிறது, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிற கனமான சுழலிகள் போதிய அளவில் ஓடவில்லை. மின்சார சபையே பிறகு இந்த விளக்கத்துக்கு வந்தது. அதாவது வலையமைப்பு ஒரு உதைக்கே விழும் நிலையில் நின்றிருக்கிறது. அப்படி நிற்கவிட்டவர்கள் யார், எத்தனை நாளாக அப்படி நின்றது, எச்சரித்தவர்களின் கடிதங்கள் எந்த மேசையில் தூங்கின என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குரங்கு கிடைத்துவிட்டது. அதற்கு யூனியன் கிடையாது, சட்டத்தரணி கிடையாது, வாக்குரிமையும் கிடையாது. அந்த மூன்றும் இல்லாமல் வாழ்ந்த அனுபவம் எங்களுக்கும் உண்டு என்பதால் அன்னாரின் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இது இந்த நாட்டு வியாதி மட்டும் என்று தாங்கள் வருந்த வேண்டாம். தங்கள் பணக்கார உறவினர்களின் வீட்டிலும் இதே சமையல்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி என்ற ஊரில், 2018 மார்ச் 18ஆம் திகதி இரவு, ஊபர் கம்பெனியின் தானியங்கிக் கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. அந்தக் கார் அவரைப் பார்க்காமல் இல்லை. பார்த்தது. வாகனமா, வேறு ஏதோ பொருளா, சைக்கிளா என்று மாற்றி மாற்றி யோசித்தது. யோசித்துக்கொண்டே போனது. அந்தக் காரோடு சேர்ந்தே வந்த அவசரப் பிரேக்கைத் தானியங்கி ஓட்டத்தின்போது வேலை செய்யாதபடி நிறுத்திவைத்திருந்தார்கள். வழக்கு வந்தபோது கம்பெனிமேல் குற்றவியல் பொறுப்பு இல்லை என்றது அரச தரப்பு. காரில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த பெண்மணிதான் நீதிமன்றம் ஏறினார், 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் வீதியைப் பார்க்காமல் கைத்தொலைபேசியைப் பார்த்தது தவறுதான். ஆனால் அவரை அங்கே உட்காரவைத்ததே, ஏதாவது நடந்தால் காட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும் என்பதற்காகத்தானோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. போயிங் கம்பெனியின் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 ஒக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் செத்தபோதும், முதலில் விரல் நீண்டது விமானிகளை நோக்கித்தான். மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்த மென்பொருள் ஒரே ஒரு உணரியின் பேச்சை நம்பியிருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பாணந்துறை, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குரங்கு.

துரை அவர்களே, இவ்வளவு சொன்ன பிறகு, எங்களுக்கு இயந்திரமே பிடிக்காது என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. நாங்கள் உயிரையே ஒப்படைத்திருக்கிற இயந்திரம் ஒன்று உண்டு. ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் இருக்கும் டெப்லட் பெட்டி. அதைத் தங்களுக்கு அறிமுகப்படுத்தி வைப்பதில் பெருமைப்படுகிறோம். வயதில் தங்கள் கொள்ளுப்பாட்டன்.

இங்கிலாந்தில் நோரிச் நகருக்குப் பக்கத்தில் தோர்ப் என்ற இடத்தில், 1874 செப்டெம்பர் 10ஆம் திகதி, ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. இருபத்தைந்து பேர் அளவில் செத்தார்கள். காரணம் கையொப்பமிடாத ஒரு தந்தி. அதிகாரி சொன்னாரா, எழுத்தர் அவசரப்பட்டாரா என்ற வழக்கு ஒருபுறம் நடக்க, எட்வர்ட் டயர் என்ற மனிதர் யோசித்து, 1878இல் இந்தப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். மலைநாட்டு ஒற்றைத் தண்டவாளத்தில் தலைமுறை தலைமுறையாக ரயில் ஓடியது இந்தப் பெட்டியை நம்பித்தான்.

அது வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். பட்டிப்பொலவில் ஒரு பெட்டி, ஒஹியவில் அதன் சோடி. உள்ளே வட்டத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் இன்ன நிலையத்திலிருந்து இன்ன நிலையம்வரை என்று பெயர் வெட்டியிருக்கும். தகடு கையில் இல்லாமல் சாரதி ரயிலை அசைக்கக் கூடாது. இங்கிருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் தன்னிஷ்டத்துக்குத் தகட்டை எடுக்கவும் முடியாது. மணியடித்துக் கேட்க வேண்டும், ஒஹியக்காரர் அங்கிருந்து பொத்தானை அழுத்தி ஒத்துழைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு தகடு வெளியே வரும். வந்த மாத்திரத்தில் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை, ஜனாதிபதியே வந்து நின்றாலும் இரண்டாவது தகடு வராது. மின்சாரம் போனாலும் பூட்டுதான். வெளியே நிற்கும் கைகாட்டியின் கம்பி அறுந்தாலும், அந்தக் கை போகும் இடம் 'நில்' என்ற நிலைதான்.

சந்தேகம் வந்தால் நிற்கிற இயந்திரம். இதைவிடப் பெரிய புத்தி எங்களுக்குத் தெரியவில்லை. அரிசோனாக் கார் சந்தேகப்பட்டுக்கொண்டே ஓடியது. அஸ்வெசுமக் கணினி சந்தேகம் வந்தால் கிழவியின் பெயரை வெட்டிவிட்டு மேலே போகிறது. நிற்பதற்குச் செலவாகும், தாமதமாகும், கம்பெனிக்கு நஷ்டம். இந்தப் பித்தளைக் காலத்துப் பெட்டி அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டது. ரயில் பிந்தும், மனிதர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

ஆனாலும் கொள்ளுப்பாட்டனையும் கோயிலில் வைத்துக் கும்பிட நாங்கள் தயாரில்லை. வேல்ஸில் அபர்மியூல் என்ற நிலையத்துக்குப் பக்கத்தில், 1921 ஜனவரி 26ஆம் திகதி, இதே டெப்லட் முறை இருந்த பாதையில் இரண்டு ரயில்கள் மோதி 17 பேர் செத்தார்கள். பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஒரு ரயில் கொண்டுவந்து கொடுத்த தகட்டையே, புதுத் தகடு என்று நினைத்து அதே ரயிலின் சாரதியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவரும் வாசிக்கவில்லை, வாங்கியவரும் வாசிக்கவில்லை. எப்போதும் சரியாக இருக்கிற இயந்திரத்தை யார் வாசித்துப் பார்ப்பார்? செத்தவர்களில் ஒருவர் லோர்ட் ஹெர்பர்ட் வேன்-டெம்பெஸ்ட், அந்த ரயில் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். இந்தச் செய்தியைத் தங்கள் நினைவுப் பெட்டகத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநரும் அதே ரயிலில் போகிற கம்பெனி என்பது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

இந்தத் தண்டவாளத்தின் வழியே ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை என்று இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போனால் கொஸ்லந்த வரும். அங்கே மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிவிட்டது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த திசையே தெரியவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இல்லாமல் யாரும் சாகவில்லை. கடிதம் போயிருந்தது, கோப்பு இருந்தது, வரைபடம் இருந்தது. பிறகு என்ன சொன்னார்கள்? மக்கள்தான் சொல்லியும் போகவில்லை என்றார்கள். போவது என்றால் எங்கே, யாருடைய காணிக்கு, யார் கொடுத்த உறுதியோடு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், அனுதாப மலர்வளையத்தோடு முதல் வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு கருவிகள் கூடின. தானியங்கி மழைமானிகள் வந்தன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, வெளியேறு. நல்ல ஏற்பாடு. விஞ்ஞானிகளை நாங்கள் குறை சொல்லவில்லை, அவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் மீரியபெத்தவில் இன்றைக்கும் ஆள் இருந்திருப்பார்கள். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இந்த மலைப்பாதையும் இடத்துக்கிடம் அறுந்து தொங்கியது. அந்த நாட்களில் எச்சரிக்கைகள் சிங்களத்தில் வந்த வேகத்தில் தமிழில் வரவில்லை, சில வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அரசியலமைப்பில் தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. மண்ணுக்கு அது தெரியாது. அது எந்த மொழியிலும் அறிவிக்காமல் வரும். அறிவிக்க வேண்டிய கடமை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இருக்கிறது. 150 மில்லிமீற்றரைத் துல்லியமாக அளக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, மூன்று வரி தமிழில் எழுத ஆள் கிடைக்கவில்லையா?

எழுதியிருந்தாலும் என்ன? சிவப்பு எச்சரிக்கை என்றால் வெளியேறு என்று பொருள். வெளியேறிப் பள்ளிக்கூடத்தில் படுப்போம், கோயிலில் படுப்போம். மழை விட்டதும்? மறுபடியும் அதே லயம், அதே சரிவு, அதே வெடித்த சுவர், காலையில் பெரட்டு. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, தனி வீடு என்று ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் காதில் ஊதுகிறார்கள். தேர்தல்கள் தவறாமல் வருகின்றன, காணி அப்படி வருவதில்லை. ஓடு என்று சொல்ல விலையுயர்ந்த கருவி இருக்கிறது, ஓடிப்போய் நிற்க ஏழு பேர்ச் இல்லை. இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்கிற வாயை என்ன சொல்வது என்று இந்த மரியாதைப் பத்திரத்தில் எழுத முடியவில்லை.

வழக்கப்படி இனி எங்கள் குறைகள்.

தாங்கள் கொஞ்சமாகவா, நிறையவா அறிவாளி என்பது எங்களுக்கு வேண்டாத சர்ச்சை. தாங்கள் எடுக்கிற ஒவ்வொரு முடிவின் அடியிலும் ஒரு மனிதரின் பெயரும் பதவியும் எழுதப்பட வேண்டும். சிஸ்டம் என்பது பெயரல்ல, குரங்கு என்பது பதவியல்ல. எங்கள் பெயரை ஒரு பட்டியலிலிருந்து வெட்டுவதானால், எந்தக் குறிகாட்டிக்கு எத்தனை புள்ளி போட்டு வெட்டினீர்கள் என்பதை எங்கள் மொழியில், நாலாம் வகுப்புப் படித்தவருக்கும் விளங்கும்படி எழுதித் தாருங்கள். மேன்முறையீட்டை விசாரித்து முடிக்கும்வரை வெட்டக் கூடாது. டெப்லட் பெட்டி மாதிரி, சந்தேகம் இருந்தால் பூட்டிக்கொண்டு நில்லுங்கள். தங்களை நிறுத்துகிற அதிகாரம் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிற சின்ன உத்தியோகத்தரிடம் இருக்கட்டும். நிறுத்தியதற்காக அவரை இடம் மாற்றாதீர்கள். டிஜிட்டல் அடையாள அட்டைக்கு விரல் ரேகை எடுக்க வருவதற்கு முன்பு, நாற்பது வருஷம் கொழுந்து பறித்த விரலில் ரேகை மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இந்தியாவில், ஜார்க்கண்ட் மாநிலத்தில், ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் அட்டை போன ஒரு வீட்டில் 2017இல் 11 வயதுச் சிறுமி செத்துப்போனாள். பட்டினி என்றது குடும்பம், நோய் என்றது அரசாங்கம். அங்கேயும் கணினி எந்த விசாரணைக்கும் வரவில்லை.

கடைசியாக ஒன்று. அபர்மியூல் ரயிலில் இயக்குநரும் இருந்தார் என்று சொன்னோமே, அதற்கு வருகிறோம். தாங்கள் பாதுகாப்பானவர், நம்பத்தக்கவர் என்று சான்றிதழ் கொடுக்கிற நிபுணர்கள், அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற அமைச்சர்கள், தங்களை விற்றுக் காசு பார்க்கிற கம்பெனிக்காரர்கள் எல்லாரும், சிவப்புக் கோடு போட்ட சரிவில் இருக்கும் ஒரு லயத்துக் காம்பராவில், ஐப்பசி கார்த்திகை மழையில், பெண்டாட்டி பிள்ளைகளோடு இரண்டு மாதம் குடியிருக்க வேண்டும். தங்கள் மழைமானியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கட்டும். மாதச் செலவுக்குத் தங்கள் 22 குறிகாட்டிகள் தகுதி என்று சொன்னால் மட்டும் அவர்களுக்குப் பணம் வரட்டும். வராவிட்டால் மேன்முறையீடு செய்யட்டும், பஸ் பிடித்துப் போய் வரட்டும், நாங்கள் வழி சொல்கிறோம்.

அதற்குச் சம்மதிக்காதவர்களின் கையொப்பம் உள்ள எந்தப் பாதுகாப்புச் சான்றிதழும் இந்த மலையில் செல்லாது.